பழைய கேம் பெட்டியில் நாடகம் பார்த்த சனிக்கிழமை

என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பத்தொன்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை. நான் தாடையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி குளியலறைக் கதவோரம் வந்து சொன்னாள்.

"லாஃப்ட்ல அந்த வெள்ளைப் பெட்டி கிடக்குல்லா, டி.வி.யில மாட்டி விளையாடுவாளே, அதை எடுக்கணுமாம்."

"யாருக்கு?"

"யாருக்கு? உங்க மகளுக்குத்தான். அப்பாகிட்ட சொல்லுன்னா."

"அப்பாகிட்டன்னா சொன்னா?"

"பின்னே பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயா சொல்லுவா? முகத்தைக் கழுவிட்டு வாங்க."

பாதிச் சவரத்தோடு ஏணியைத் தேடிப் போனேன்.

கரமனையில் எங்கள் வீடு. நான் நாகர்கோவிலிலிருந்து வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன். தம்பானூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறேன். மகள் இங்கே பிறந்து, மலையாளத்தில் படித்து, இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விழுந்த அன்று மாலை அவள் நாடக ஒத்திகை முடிந்து வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தது அவள் இல்லை. "சேட்டா, பேடிக்கண்டா. ஈ மோள் வண்டியில்நின்னு வீணு" என்றது ஓர் ஆண் குரல். பயப்பட வேண்டாம் என்று தொடங்கித்தான் அந்த மனிதர் அவள் விழுந்ததைச் சொன்னார். நல்ல மனிதர்.

வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. தலையிலும் அடி. உள்ளே ஒன்றுமில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆனாலும் ஒரு மாதத்துக்கு மொபைல், லேப்டாப் என்று கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் எதுவும் கூடாது. தூரத்தில் இருக்கும் டி.வி.யை வேண்டுமானால் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பேசாமல் இல்லை. நான் ஏதாவது கேட்டால் பதில் வரும். "ம்." "வேண்டாம்." "அம்மா வரட்டும்." கட்டிலுக்கு ஓரடி தூரத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன், தண்ணீர் வேண்டுமென்றால் அடுக்களையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடுவாள். அவள் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கைக்கு எட்டும் தூரத்திலிருக்கும் தம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி மகளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் விழுந்த நேரத்தில் அவளுடைய போனில் அடித்துக்கொண்டிருந்தது என்னுடைய அழைப்புதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால்தான் ஏணி. பத்தொன்பது நாட்களில் என்னிடம் அவள் கேட்ட முதல் விஷயம் அந்தப் பெட்டி. நேரடியாகக் கேட்கவில்லை, அம்மா வழியாகத்தான். இருக்கட்டுமே.

பெட்டி ஒரு பழைய தலையணை உறைக்குள் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது என் மைத்துனர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. ஒரு கனமான புத்தகம் அளவுக்கு வெள்ளை நிறத்தில் இருக்கும். கையில் பிடித்து ஆட்டுகிற ரிமோட். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனையுள்ள வயர். தூசியைத் துடைத்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"விளையாடப் போறியா மக்ளே?"

"விளையாட இல்ல. வீடியோ பாக்கணும்." அவள் என்னைப் பார்க்காமல் டி.வி.யைப் பார்த்துச் சொன்னாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. முந்தின நாள் அவளுடைய தோழிகள் வந்து கொடுத்துவிட்டுப் போனது. அவள் நடிக்க வேண்டிய நாடகம், அவள் விழுந்து எட்டு நாள் கழித்து, வேறொரு பெண்ணை வைத்து நடந்து முடிந்திருந்தது. அதன் பதிவு.

"இதுல வீடியோ ஓடுமா?"

"சும்மா ஓடாது. உண்டாக்கின கம்பெனி அதுக்கு விடல. வெளியில உள்ள ஆளுங்க சொந்த ஆர்வத்துல ஒரு பிளேயர் எழுதி வச்சிருக்காங்க. அதைப் போட்டா ஓடும். ஸ்கூல்ல என்கூடப் படிச்ச ஒருத்தி போட்டிருந்தா. ஹோம்ப்ரூன்னு தேடுங்க, வரும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் லேப்டாப் பாக்கக் கூடாது. நீங்கதான் செய்யணும்."

நான் எண்ணிப் பார்த்தேன். என்னிடம் ஒரேயடியாக ஏழெட்டு வாக்கியங்கள் பேசியிருந்தாள்.

கால்மாட்டில் இருந்த டி.வி. பழைய பெட்டி டி.வி. முதுகு புடைத்தது. பென்டிரைவ் செருக அதில் இடமே கிடையாது. லேப்டாப்பையும் அதில் இணைக்க முடியாது. கூடத்தில் மாட்டியிருந்த பெரிய டி.வி. போன வருடம் ஐப்பசி இடியில் போய்விட்டது. அதற்கு முந்தின வருடம் மோடம். திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காலையெல்லாம் வெயில் காயும்; மதியம் இரண்டு மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் இருட்டும்; அப்புறம் இடி. முதல் உறுமல் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்குவார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டமே உண்டு. யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் "ப்ளக்" என்று கத்த வேண்டும். யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் பிடுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப மாட்டலாம். சட்டம் என் மனைவியுடையது.

லேப்டாப்பை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. வழிமுறைகள் ஆங்கிலத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன, நல்ல தெளிவாக. ஆனால் எல்லா இடத்திலும் ஓர் எச்சரிக்கை. பெட்டியின் உள்நினைவில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும், திரும்ப உயிர் வராது. அவர்களே பயன்படுத்தும் சொல் அது. எனக்குச் செங்கல்லைத் தெரியும். எத்தனையோ வீடுகளுக்குக் கணக்காக வரைந்திருக்கிறேன். அவளுடைய காலை உடைத்தது போதாது என்று இதையும் செங்கல்லாக்கிக் கையில் கொடுத்தால், அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதைக் கேட்பாள்?

அலுவலகத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையையும் முதலில் தாளில் படிப்படியாக எழுதிக்கொள்ளாமல் தொடங்க மாட்டேன். ஒரு டிரேசிங் தாளை எடுத்து, எல்லாவற்றையும் எண் போட்டு எழுதினேன். பதினான்கு படிகள். எழுதி முடித்தபோது பயம் பாதி போய், வேறு ஏதோ வந்திருந்தது. புதிய மனையை முதல்முறை அளக்கப் போகும்போது வருமே, அந்தப் பரபரப்பு.

முதல் படி, ஒரு மெமரி கார்டு. பழைய கேமராவிலிருந்ததை எடுத்து, அதிலிருந்த படங்களை லேப்டாப்பில் இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுச் சுத்தமாக அழித்தேன். இரண்டாவது, பெட்டியை டி.வி.யில் மாட்டுவது. மஞ்சள் முனையை மஞ்சளில் செருகி, ரிமோட்டில் புதிய பேட்டரி போட்டு, பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு பச்சையானது. டி.வி.யில் வெள்ளைத் திரையும் அந்தப் பழைய மெல்லிய இசையும் வந்தன. அவள் கட்டிலில் கிடந்தபடியே வாய்க்குள் அந்த இசையைக் கூடவே முணுமுணுத்தாள். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய், ஓர் இணையதளத்தில் கொடுத்தால், அந்தப் பெட்டிக்கென்றே ஒரு கடிதம் தயாரித்துத் தரும். அந்தக் கடிதத்தை கார்டில் போட்டு, பெட்டியில் செருகி, பெட்டியின் தபால் பலகையில், அதாவது திரையில் செய்திகள் வரும் பக்கத்தில், திறக்க வேண்டும். கடிதத்தைத் திறந்ததும் பெட்டி தடுமாறி, அந்த இடைவெளியில் நம்முடைய நிரல் உள்ளே போய்விடும். திருட்டு வழி என்று சொல்ல முடியாது, பெட்டி நம்முடையது. ஆனாலும் எனக்கு ஏதோ மதில் ஏறிக் குதிக்கிற மாதிரி இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அந்த அடையாளத்தை அவள் டி.வி.யில் பார்த்து வாசித்துச் சொன்னாள், நான் எழுதினேன். எழுதியதைத் திரும்ப அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் காட்டினேன்.

"அப்பா, மதி, போதும். ரெண்டு தடவை வாசிச்சாச்சு."

"மூணாவது தடவை ஒண்ணு பாத்துருவோமே."

அவள் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள். மூணாவது தடவை என்று நான் சொன்னது என் காதிலேயே விழுந்து, வாயை மூடிக்கொண்டு லேப்டாப்புக்குப் போனேன்.

கார்டைச் செருகித் தபால் பலகையைத் திறந்தால் கடிதமே இல்லை. வெறும் பலகை. படி ஆறில் நின்றுவிட்டோம். கார்டை எடுத்து ஊதிப் போட்டேன். இல்லை. மறுபடி லேப்டாப், மறுபடி கார்டு. இல்லை. என் மனைவி வாசலில் வந்து நின்று, "என்ன, தபால்காரன் வரலியா?" என்றாள்.

"தேதி பாருங்கப்பா" என்றாள் மகள். "இது எத்தனை வருஷமா லாஃப்ட்ல கிடந்தது. அதோட தேதி எதுல நிக்குதோ."

பார்த்தேன். பெட்டியின் கணக்கில் அவள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் படித்துக்கொண்டிருந்தாள். தேதியைச் சரிசெய்தேன். அப்போதும் இல்லை. "ஒரு நாள் பின்னால போங்க. கடிதம் எழுதுற இடத்துல நேரம் வேற, இங்க நேரம் வேற" என்றாள். நேற்றைய தேதிக்குப் போனேன். அங்கே ஓர் உறை, அதன் மேல் சிவப்பாக ஒரு வெடிகுண்டுப் படம்.

"வந்திருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, மதில்மேல் இருந்த பூனை குதித்து ஓடியது.

உறையைத் திறந்ததும் திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. பிறகு ஒரு பக்கம் நின்றது: இந்த மென்பொருள் இலவசம், யாராவது விலைக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்று. முன்பின் தெரியாத யாரோ சிலர், எங்கோ உட்கார்ந்து, கரமனையில் ஒரு மனிதன் ஏமாந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. என்னைப் போலக் கவலைப்படுகிறவர்கள்.

முக்கியமான நிரலை உள்ளே ஏற்றியது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வெற்றி" என்று திரை சொன்னது. நானும் அவளும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம். அவள் நல்ல கையை நீட்டினாள். கைகுலுக்கத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்துக் கையைக் கொடுத்தேன். "ரிமோட் தாங்கப்பா" என்றாள். கொடுத்தேன்.

அத்தோடு பிளேயரைப் போட்டிருக்கலாம். அவளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் என் தாளில் படி பத்து என்று ஒன்று இருந்தது: பெட்டியின் உள்ளே இருப்பதையெல்லாம் கார்டில் முழு நகல் எடுத்து வைத்தல். பின்னால் ஏதாவது கெட்டால் திரும்ப உயிர் கொடுக்கலாம். கட்டாயமில்லை, செய்தால் நல்லது என்று போட்டிருந்தது. செய்தால் நல்லது என்று எழுதியிருக்கும் எதையும் நான் வாழ்க்கையில் செய்யாமல் விட்டதில்லை.

"கால் மணி நேரம் ஆகும்" என்றேன்.

"ஆகட்டும். உங்களுக்கு உறக்கம் வரணுமே" என்றாள்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாகப் பச்சையாக மாறத் தொடங்கின. கிராஃப் தாளில் யாரோ பொறுமையாக நிறம் தீட்டுவதைப் போலிருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதித் திரை பச்சையாகியிருக்கும். வெளியே வெளிச்சம் மங்கியதை நான் கவனிக்கவில்லை.

கிழக்கே ஓர் உறுமல்.

"ப்ளக்" என்று அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல்.

நான் எழுந்தேன், இரண்டு எட்டில் சுவருக்குப் போனேன், டி.வி.யும் பெட்டியும் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் ப்ளக்கைப் பிடுங்கினேன். யோசிக்கவில்லை. இத்தனை வருடங்களாகக் கை கற்ற பாடம், கையே செய்துவிட்டது. ப்ளக்கோடு திரும்பியபோது டி.வி. கறுப்பாக இருந்தது. அவள் ரிமோட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கையில் இருப்பது என்ன என்று எனக்குப் புரிந்தது.

"எடுத்தாச்சா?" என்று மனைவி உள்ளிருந்து கேட்டாள்.

"எடுத்தாச்சு" என்றேன்.

மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். "இப்ப என்ன ஆச்சு? நல்ல காரியம்தானே செஞ்சிய?"

"பாதியில பிடுங்கக் கூடாது அம்மா அதை" என்றாள் மகள்.

"அப்ப மாட்டுங்க திரும்ப."

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் கம்பிகள் வெள்ளையாக மின்னி, வீட்டின் தலைமேலேயே இடித்தது. தெரு முழுக்கக் கரண்ட் போய் இருட்டானது. என் மனைவி தன் சட்டத்துக்குத் திரும்பினாள். "ஒருத்தரும் ஒண்ணையும் மாட்ட வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

மழை கொட்டியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ப்ளக்கைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"உடைச்சிட்டேன் மக்ளே. இதையும்."

அவள் மழையிலிருந்து கண்ணைத் திருப்பினாள். "இதையும்னா?"

நான் சொல்ல நினைத்து ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டதை இருட்டில் சொல்வது எளிதாக இருந்தது. "அன்னைக்கு நான் கூப்பிட்டிருக்கக் கூடாது. அதுவும் மூணு தடவை."

"நான் போனை எடுக்கல."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது. நான் வண்டி ஓட்டிட்டே போனை எடுத்திருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லி அழுதீங்களாம். எடுக்கல. பையில இருந்துது. ஆனா முதுகுல கிர்ரு கிர்ருன்னு அதிர்ந்துட்டே இருந்துது. அப்பாதான்னு தெரியும். எடுக்கலேன்னா நாலு பேரைக் கூப்பிட்டு என்னைத் தேடச் சொல்லுவீங்கன்னும் தெரியும். சீக்கிரம் வீட்டுக்கு வந்துருவோம்னு வண்டியை முறுக்கினேன். கிள்ளிப்பாலம் வளைவுல சறுக்கிருச்சு."

"அப்ப நான்தானே."

"கோபம் உண்டு. இல்லேன்னு சொன்னா பொய்." கட்டுப் போட்ட கையை மெதுவாக நகர்த்தி வைத்துக்கொண்டாள். "ஆனா முறுக்கினது நான். அதையும் சேத்துத்தான் நினைச்சிட்டுக் கிடக்கேன் இத்தனை நாளும்."

இடி இப்போது மேற்கே கடல் பக்கம் போயிருந்தது. நான் மூக்கை உறிஞ்சினேன்.

"கூப்பிடாம இருக்க எனக்கு வராது."

"ஒரு தடவை கூப்பிடுங்க. எடுக்கலேன்னா வண்டியில இருக்கேன்னு அர்த்தம். நான் நிறுத்திட்டுக் கூப்பிடுவேன். அது மதி."

"ஒரு தடவை" என்றேன். அதை எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பிறகு அவள் திடீரென்று, வேறு குரலில், "அப்பா, அந்தப் பச்சைக் கட்டம் என்ன செஞ்சிட்டிருந்தது?" என்றாள்.

"நகல் எடுத்துட்டு இருந்துது."

"எங்கேர்ந்து எங்க?"

"பெட்டியிலேர்ந்து கார்டுக்கு."

"அப்ப பெட்டிக்குள்ள ஒண்ணும் எழுதலையே. வாசிக்க மட்டும்தானே செஞ்சது. புத்தகத்தை போட்டோஸ்டாட் எடுக்கும்போது கரண்ட் போனா புத்தகமா கெடும்? தாளுதான் பாதியில நிக்கும்."

நான் எழுந்து தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். எச்சரிக்கை, பெட்டியில் எழுதும்போது மின்சாரம் போனால் என்றுதான் சொன்னது, எழுதும்போது. என் கையெழுத்திலேயே இருந்தது. பயத்தில் எல்லாப் படிக்கும் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். எழுதும் வேலை ஒன்பதாம் படியிலேயே முடிந்திருந்தது.

"அப்ப பிழைச்சிருக்குமா?"

"பிழைச்சிருக்கும்னு நினைக்கேன். எண்பது சதவீதம்."

"அந்த இருபது?"

"அது உங்களுக்காக விட்டு வச்சேன்."

அப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. தோழிகள் எடுத்திருந்த வீடியோ இந்தப் பழைய பெட்டிக்குப் பெரியது, அப்படியே போட்டால் திக்கித் திக்கி ஓடும் என்று படித்திருந்தேன். சிறிதாக்க வைத்தேன். நாடகம் மூன்று துண்டுகளாக இருந்தது. அவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று லேப்டாப்பில் இருந்த இன்னும் ஏழெட்டு வீடியோக்களையும் சேர்த்துப் பென்டிரைவில் போட்டேன். எது எது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. ஒவ்வொன்றுக்கும் அழகாகப் பெயர் வைத்தேன். நடுநடுவே வாசலுக்குப் போய், "கடைசி இடி எப்போ கேட்டுது?" என்று மனைவியிடம் கேட்டேன். "இப்பதானே ஒண்ணு இடிச்சுது" என்றாள். "அது இடி இல்ல, லாரி." "லாரியும் கணக்குதான். உக்காருங்க."

நான்கரை மணிக்கு, கரண்ட் வந்த பிறகு, மனைவியே வந்து, "சரி, மாட்டுங்க" என்றாள். அவளும் நின்றாள்.

மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது முதல் நல்ல செய்தி. ரிமோட் அவள் கையில் இருந்தது. என்னைப் பார்த்தாள், அழுத்தினாள். விளக்கு பச்சையானது. திரை கறுப்பாகவே இருந்தது. நான் டி.வி.யைத் தட்டப் போனேன். "தட்டாதீங்க" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அப்போது அந்த வெள்ளைத் திரை வந்தது. வழக்கமான சதுரங்களுக்கு நடுவே, காலையில் இல்லாத, நாங்கள் ஏற்றிய நிரலின் புதிய சதுரம், அதற்குள் நீல நிறத்தில் குமிழிகள் மேலே மிதந்துகொண்டிருந்தன.

"உங்கப்பா கை பட்டும் கெடாத சாமான் ஒண்ணு வீட்டுல இருக்கே" என்றாள் மனைவி. நான் சிரித்தேன். நாள் முழுக்கச் சிரிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்துச் சிரித்தேன்.

பிளேயரை கார்டில் போட்டோம், பென்டிரைவைப் பின்பக்கம் செருகினோம், திறந்தோம். வீடியோக்களின் பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். நீளமாகச் சில, குட்டையாகச் சில.

"அப்பா, என்னவாக்கும் இது?"

"பேரு வச்சேனே. தமிழ்ல."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "இந்த வீட்டுல வளர்ந்த எனக்கே தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுக்கு எப்படிப்பா வரும்?"

"திரும்பப் போய் மாத்திட்டு வாறேன், அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம். இப்படியே பாக்கலாம். எதைத் தொட்டா எது வருதுன்னு."

முதல் கட்டத்தைத் தொட்டாள். ஒரு வீணைக் கச்சேரி வந்தது, நான் பதிவு செய்து வைத்தது. "இது அப்பாக்கு" என்று மூடினாள். இரண்டாவது, வள்ளியூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் பந்தி. என் மனைவி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கேமரா தன்னைப் பிடிப்பது தெரியாமல், யாரோ வைத்த பாயசத்தை முதலில் குடிக்கிறாள். "இதை எதுக்கு இதுல போட்டிய?" என்று அவள் பாய்ந்து வந்தாள். மகள் அதை இரண்டாவது முறை ஓட்டினாள். மூன்றாவதில் கால் மணி நேரம் வரும் ஏதோ ஒரு பிளான் விளக்க வீடியோ, எப்படியோ உள்ளே வந்துவிட்டது. நான்காவதைத் தொட்டதும் மேடை தெரிந்தது, கல்லூரி ஆடிட்டோரியத்தின் நீலத் திரை தெரிந்தது. மகள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

நாடகம் தங்குதடையின்றி ஓடியது. சத்தம் கொஞ்சம் கரகரத்தாலும் சொற்கள் புரிந்தன. அவளுடைய இடத்தில் அந்த வேறு பெண் வந்து நின்றபோது நான் திரையைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தேன். உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு வசனத்தையும் அந்தப் பெண்ணுக்கு அரை நொடி முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் அந்தப் பெண் தடுமாறினாள். "அங்க ஒரு எட்டு முன்னால வரணும், எப்பவும் மறப்பா" என்று மகள் முனகினாள். முகத்தில் வருத்தம் இருந்தது. வேலை தெரிந்த ஒருவர் மற்றொருவருடைய வேலையைப் பார்க்கும்போது வரும் கூர்மையும் இருந்தது. அந்தக் கூர்மையை நான் பத்தொன்பது நாட்களாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் துண்டு பாதி ஓடியபோது என் மனைவி பால் பொங்குகிறதென்று உள்ளே போனாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மகள் சொன்னாள்.

"அப்பா, காலுக்குக் கீழ அந்தத் தலையணை."

ஒரு கணம் நான் உள்ளே திரும்பி மனைவியைத் தேடினேன். பிறகு எழுந்து, கால்மாட்டுக்குப் போய், கம்பி வைத்த காலை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினேன். எவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தலையணையை உள்ளே தள்ளினேன்.

"வலிக்குதா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் மேல."

தள்ளினேன்.

"அங்கதான். இனி நகருங்கப்பா, மறைக்குது."